பெண்ணையாற்றங்கரையில் ஒரு கூடாரம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் கன்னியக்கோயிலை அடைந்ததும் மேற்கே திரும்பினால் பாகூர் வந்துவிடும். பாகூரையும் கடந்து வயல்களினூடே தெற்கே சென்றால் தென்பெண்ணையாற்றின் வடகரையில் இருக்கிறது சோரியாங்குப்பம். ஆற்றின் இக்கரை புதுச்சேரி ஆட்சிப் பகுதி, அக்கரை தமிழ்நாடு. தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவின்போது மணற்பரப்பு முழுவதும் மக்கள் வெள்ளமாய் இருக்கும். மற்ற நாட்களில் கரும்பும் நெல்லும் தென்னையும் சூழ்ந்து, தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்கும் அமைதியான ஊர்.

பாகூர் வட்டாரத்தைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். அது வெறும் புகழ்ச்சியன்று. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களை மானியமாக விட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. ஒரு கல்லூரியையே தாங்கும் விளைச்சல் அன்றே இங்கு இருந்திருக்கிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பெண்ணையாற்று நீரைக் கொணர்ந்து பாகூர் ஏரியை நிரப்புகிறது. பங்காரி, சிங்காரி என்னும் தேவதாசிச் சகோதரியர் தம் பொருளைச் செலவிட்டு இவ்வாய்க்காலை வெட்டுவித்தனர் என்று ஊரார் கூறும் கதை இன்றும் வழங்குகிறது. ஆக, இம்மண்ணுக்கு வாழ்வளிப்பது அந்த ஆறே. அதே ஆறு மற்றொரு முகமும் காட்டும் என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

இவ்வூருக்கு 2025 பிப்ரவரியில் நாங்கள் சென்றது கோயில் பார்க்கவுமன்று, உறவினரைக் காணவுமன்று. ஒரு ஜீப்பின் கூரைமேல் உறங்குவதற்காக! வாசகர்கள் வியப்படைய வேண்டா. நண்பர் ஒருவர், காட்டுவழியிலும் மணலிலும் செல்லத்தக்க உயரமான நான்கு சக்கர இயக்க ஜீப்பை வாங்கி, அதன் தலைமேல் ஒரு கூடாரத்தைப் பொருத்தியிருந்தார். ஓடும்போது அது ஒரு பெரிய பெட்டிபோல் மடங்கிக் கிடக்கும். நிறுத்தியபின் கொக்கிகளை நீக்கி ஏணியைப் பற்றி இழுத்தால், புத்தகம் விரிவதுபோல் விரிந்து, பாதி கூரைமேலும் பாதி அந்தரத்திலுமாக நிற்கும். அந்தரத்துப் பாதியைத் தாங்குவது அந்த ஏணியே. உள்ளே மெத்தை எப்போதும் விரித்தபடியே இருக்கும். இரு பெரியவர்களும் ஒரு குழந்தையும் தாராளமாகப் படுக்கலாம்.

இது இன்று நேற்று வந்த புதுமையன்று. இத்தாலியர் 1950களிலேயே இத்தகைய கூடாரங்களைச் செய்து விற்றனர். கிழக்கு ஜெர்மனியில் 1970களில் ‘டிராபன்ட்’ என்னும் மிகச் சிறிய காரின் தலையிலேயே இதனை ஏற்றி மக்கள் விடுமுறைக்குச் சென்றார்கள். ஆப்பிரிக்காவிலோ தரையில் திரியும் விலங்குகளுக்கு அஞ்சி மேலே ஏறினார்கள். நம் நாட்டில் அண்மைக் காலத்தில்தான் பரவி வருகிறது. ஆயினும் கருத்து நமக்குப் புதியதா? கொல்லையில் பரண் கட்டிக் காவல் காத்த மரபு நம்முடையது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு சென்ற நாட்களை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வழியில் ஏதேனும் ஒரு சத்திரத்து மரத்தடியில் வண்டியை அவிழ்த்து, பெண்களும் பிள்ளைகளும் கூண்டுக்குள்ளும், ஆண்கள் வண்டிக்கு அடியில் வைக்கோல் பரப்பியும் படுப்பார்களாம். மாடுகளுக்குப் பதில் எந்திரம். மற்றபடி அதே பயணந்தான்! கூடாரத் தொழிலை இழிவாக எண்ணுவோர்க்கும் ஒரு சொல்: கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு தங்கிய புனித சின்னப்பர் தம் பிழைப்புக்குச் செய்த தொழில் அதுவே.

நாங்கள் ஆறு பேர். நண்பரும் அவர் துணைவியாரும், எங்கள் இல்லத்தில் நால்வரும். அந்நால்வருள் ஒருவர் எழுபது கடந்த பாட்டியம்மாள். மாலை நான்கு மணியளவில் ஊருக்குள் நுழைந்தபோதே முதல் சிக்கல் தொடங்கியது. இவ்வண்டியின் உயரமே ஏறத்தாழ ஏழு அடி. கூடாரப் பெட்டி இன்னும் ஓர் அடி. தெருவின் குறுக்கே தொங்கும் கேபிள் கம்பிகளும், தாழ்ந்த புளியங்கிளைகளும் பெட்டியை உரச, நண்பர் இறங்கி இறங்கிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். காட்டையும் மணலையும் வெல்லும் ஊர்தி, ஒரு தெருக்கம்பியிடம் தோற்று நின்ற காட்சியைக் கண்டு ஊர்ப்பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

ஆற்றில் அப்போது ஓரமாக ஒரு சிறு ஓடையளவே நீர். எஞ்சிய பரப்பெல்லாம் வெண்மணல். அங்கேயே வண்டியை இறக்கிக் கூடாரத்தை விரித்தால் எவ்வளவு அழகாயிருக்கும் என்று பிள்ளைகள் துள்ளினார்கள். கரைமேல் மாடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மணல் திருட வந்தவர்களோ என்று முதலில் ஐயுற்றதாகப் பின்னர் அவரே சொன்னார். விவரம் கேட்டறிந்ததும், “ஆத்துல மட்டும் எறங்காதீங்க தம்பி. நம்ம களத்துல வந்து போட்டுக்குங்க. மேட்டாங்கால் அது” என்றார். எல்லையோர ஊராதலால் இரவில் புதிய வண்டி நின்றால் காவலர் வந்து விசாரிப்பார்கள், தமது களத்தில் நின்றால் தாமே பதில் சொல்லிக்கொள்வதாகவும் கூறினார். அவர் சொற்படியே செய்தோம்.

களத்து மண் இறுகியிருந்தது. ஆனாலும் ஒரு பக்கம் சாய்வு. கூரைமேல் உறங்குவோர்க்குச் சாய்வு பெரும்பகை. இரவெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் உருள நேரிடும். தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களைப் பலகைகளின்மேல் ஏற்றி, ஒரு டம்ளர் நீரை எந்திர மூடிமேல் வைத்து மட்டம் பார்த்தார் நண்பர். பிறகு ஐந்து நிமிடத்தில் வீடு எழுந்துவிட்டது.

இத்தகைய கூடாரம் வாங்க விரும்பும் குடும்பங்களுக்கு நாங்கள் கேட்டறிந்தவற்றைச் சொல்லிவிடுகிறோம். கூடாரம் ஏறக்குறைய 60 கிலோ எடையுள்ளது. வண்டி ஓடும்போது கூரை தாங்கும் எடை வேறு. நிற்கும்போது தாங்கும் எடை வேறு. ஓட்டத்தில் குலுக்கலும் திருப்பமும் சேர்ந்து சுமையைப் பெருக்குவதால், உற்பத்தியாளர்கள் ஓட்டத்துக்குக் குறைந்த அளவையே அனுமதிக்கிறார்கள். வண்டியின் கையேட்டில் அந்த அளவு இருக்கும். நிற்கும்போது அதனினும் பன்மடங்கு தாங்கும்; ஆகவேதான் இருவர் மேலே படுக்க முடிகிறது. துணிக்கூரையுள்ள ஜீப்பில் அப்படியே ஏற்ற இயலாது. வண்டியின் உடலோடு பிணைத்த இரும்புச் சட்டம் வேண்டும். தலைச்சுமை ஏறியதால் வளைவுகளில் வண்டி சாயும், எரிபொருளும் கூடுதலாய்ச் செலவாகும். இன்னொன்று: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக ஊர்தியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதனை வலியுறுத்தியது. எனவே எதையும் பற்றவைக்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நலம்.

இருட்டியது. பெண்களும் சிறுமியும் மேலே ஏறினார்கள். பாட்டியம்மாள் ஏணியின் இரண்டாம் படியில் காலை வைத்துப் பார்த்து, “எனக்கு இந்தக் கோபுரம் வேண்டாம்” என்று இறங்கி, பெரியவரின் வீட்டுத் திண்ணையில் கயிற்றுக் கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த இரவு மிக நன்றாக உறங்கியவர் அவர்தாம் என்று தோன்றுகிறது! முதியோரும், இரவில் இரண்டு மூன்று முறை எழுவோரும் இவ்வேணியை நம்புதல் தகாது.

மேலே சென்று பார்த்தபோது அதன் இன்பம் விளங்கியது. தரையிலுள்ள புழுக்கம் அங்கில்லை. பூச்சி பொட்டு அச்சமில்லை. நாற்புறமும் வலைச் சாளரங்கள். வலைக்கு வெளியே கொசுக்களின் பாட்டு மட்டும் கேட்டது. அறுவடையான வயல்களும், அப்பால் நிலவொளியில் மணலும், இடையே கோடுபோல் மின்னும் நீரும் ஒருசேரத் தெரிந்தன. அக்கரையில் எங்கோ ஒரு மோட்டார்ப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

இரவு உணவுக்குப் பின் பெரியவரின் மருமகள் எங்களோடு அமர்ந்து பேசினார். நாங்கள் கேட்காமலே பேச்சு வெள்ளத்துக்கு வந்தது. இரண்டரை மாதங்களுக்கு முன் நிகழ்ந்தது அது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று பொழிந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மிகுதியான மழை. ஆனால் அவர் சொன்ன துயரம் அந்த மழையைப் பற்றியதன்று. “மழ உட்டுப்போச்சு, இனிமே பயமில்லன்னு அடுப்பு மூட்டுனோம்” என்றார். பெண்ணையாறு கருநாடகத்து நந்தி மலைப்பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து வருவது. மேற்கே பெய்த பெருமழையால் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அந்த நீர்தான் கரைகளை மீறிப் பாகூர்ப் பகுதியின் ஆற்றோர ஊர்களுக்குள்ளும் கடலூர்ப் பகுதிக்குள்ளும் புகுந்தது. 2021 நவம்பரிலும் வெள்ளம் வந்ததுண்டு. இது அதனினும் பெரிது என்றார்.

ஊரில் துளி மழையின்றியும் ஆறு பெருகிவரும் என்பதனாலேயே பெரியவர் எங்களை மணலில் இறங்க விடவில்லை. மழைக்காலமாயினும் கோடையாயினும் ஆற்றுப்படுகையில் கூடாரம் அடித்தல் கூடாது. அவ்வாறே இடி மின்னல் நேரத்தில் மேலே படுத்திருப்பதும் கூடாது. இறங்கி வண்டிக்குள் அமர்ந்து கதவை மூடிக்கொள்வதே பாதுகாப்பு. கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதோ கொசுவர்த்தி கொளுத்துவதோ வேண்டவே வேண்டா.

அவர் குடும்பத்தார் அப்போது இரண்டு இரவுகள் மொட்டை மாடியில் கழித்தார்களாம். மாடிக்குப் படிக்கட்டு இல்லை. பக்கத்து வீட்டு மூங்கில் ஏணியை மிதந்துவந்த நிலையில் பிடித்து, அதன்வழியே மாமியாரையும் பிள்ளைகளையும் ஏற்றி, ஒரு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆடு இரண்டு போயின. நெல் போயிற்று. சுவரில் நீர் நின்ற கோடு எங்கள் தோளளவுக்கு இன்னும் தெரிந்தது. எங்கள் கூடாரத்தின் தளமும் அம்மாடியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்ததை அப்போதுதான் கவனித்தோம். சற்றுநேரம் எவரும் பேசவில்லை.

விடியற்காலையில் பனி கொட்டியது. கூடாரத்தின் உட்சுவரெல்லாம் நீர் முத்துகள்; மெத்தையின் அடியும் ஈரம். சாளரங்களைச் சிறிது திறந்து வைத்து உறங்கினால் இது குறையும். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்குமாதலால், வெயில் ஏறும்வரை உலரவிட வேண்டியதாயிற்று. இடையில் பால் வாங்கப் பாகூர் வரை போகலாமென்று நண்பர் சாவியை எடுத்தார். வண்டியை எடுக்க வேண்டுமானால் வீட்டையே மடிக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து நின்றுவிட்டார். பெரியவரின் வீட்டு எருமைப்பாலே எங்களுக்குக் காப்பியாயிற்று.

புறப்படும் வேளையில் மருமகள் ஏணியருகே வந்து அதனைத் தொட்டுப் பார்த்தார். அலுமினியத்தால் ஆனது, இழுத்தால் நீள்வது, ஒரு கையால் தூக்கலாம். “இது எங்க மாடிக்கு எட்டுமாண்ணா?” என்று கேட்டார். நண்பர் உடனே அதனைக் கழற்றிச் சென்று, முழுதும் நீட்டிச் சுவரில் சாய்த்துப் பார்த்தார். கைப்பிடிச் சுவருக்கு இரண்டு அடி குறைந்தது. பதினொரு அடி நீளத்தில் தனியாகவே கடையில் கிடைக்கும் என்று சொல்லி, விலையையும் சொன்னார். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்; அடுத்த கரும்பு வெட்டு முடியட்டும் என்றார். மூங்கில் ஏணி இப்போது அவர்கள் வீட்டுப் பின்சுவரிலேயே கட்டியிருக்கிறது.