எழுந்து காட்டுங்கம்மா

முட்டிவலிக்கு மருந்து கேட்டு யார் வந்தாலும் நான் முதலில் அலமாரிப் பக்கம் திரும்புவதில்லை. கவுண்டருக்கு வெளியே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொல்வேன். "இப்போ கையை ஊன்றாம எழுந்து காட்டுங்கம்மா." பெரும்பாலோருக்கு முடியாது. ஒரு கை நாற்காலி விளிம்பைத் தேடும், மறு கை தொடையில் ஊன்றும், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, "முருகா" என்ற மூச்சோடு மேலே வரும். தொடைத் தசை எவ்வளவு வற்றியிருக்கிறது, எந்த முட்டியை அவர் நம்புவதில்லை என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

கெடாவின் பெண்டாங்கில் மருந்துக்கடை வைத்திருப்பவளுக்கு முட்டிவலிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. சுற்றிலும் நெல்வயல், சேற்றில் குனிந்து நாற்று நட்டே வயதான மலாய்ப் பாட்டிமார் வருவார்கள். குரூண், பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிவிட்டு, இப்போது பிள்ளைகள் வீட்டோடு இருக்கும் நம்மவர்களும் வருவார்கள். விடியுமுன் பெரட்டு, நெற்றியில் விளக்கு, நிரை நிரையாக மரம். வெட்டு கீழே இறங்கிவிட்டால் மரத்துக்கு மரம் குந்தி எழ வேண்டும். பிறகு பால் வாளிகளைக் காண்டா கம்பில் தொங்கவிட்டு மேடு பள்ளமெல்லாம் நடை. குந்துவதும் சுமப்பதும் சேர்ந்த வேலை முட்டியைத் தேய்க்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இவர்களுக்கு அதை ஆய்வு வந்து சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் கேட்பது குளுக்கோசமின். பினாங்கில் வேலை செய்யும் மகள் வாங்கிக் கொடுத்த காலிப் புட்டியைக் கவுண்டரில் வைத்து, "இதே மாதிரி ஒன்னு குடும்மா" என்பார்கள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள் அது. பல புட்டிகளில் கூடவே கொண்ட்ராய்டினும் இருக்கும். அது பெரும்பாலும் மாட்டின் குருத்தெலும்பிலிருந்தோ சுறாவிலிருந்தோ வருவது. தைப்பூச விரதத்தில் இருப்பவர் "இது சைவமா, மச்சமா?" என்று கேட்டால் நான் பெட்டியைத் திருப்பி, விலங்கு மூலப்பொருள் பற்றிய வரியைப் படித்துக் காட்டுவேன். மாட்டிறைச்சி தொடாத அம்மாவுக்கு மாட்டுக் குருத்தெலும்பை விற்றுவிட்டு மௌனமாக இருப்பது வியாபாரமில்லை. சோளத்தை நொதிக்க வைத்துத் தயாரிக்கும் குளுக்கோசமினும் உண்டு, விலைதான் கொஞ்சம் கூட.

சரி, வேலை செய்யுமா? விற்கிறவளே இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: பெரிதாக இல்லை. அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து 24 வாரம் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்ததா என்பதுதான் அளவுகோல். குளுக்கோசமினும் கொண்ட்ராய்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 66.6 விழுக்காட்டினருக்குக் குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 60.1 விழுக்காட்டினருக்கும் குறைந்தது. வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவுதான். வலி கடுமையாக இருந்த சிறு பிரிவினரிடம் மட்டும் பலன் கூடுதலாகத் தெரிந்தது. விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். 2019இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் முட்டித் தேய்மானத்துக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே அழுத்திச் சொல்லிவிட்டது. ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று மட்டும், மருந்துத் தரத்தில் செய்த குளுக்கோசமின் சல்ஃபேட்டை இன்னும் ஆதரிக்கிறது.

எனக்கு அந்த 60 விழுக்காடுதான் பெரிய செய்தி. ஒருவர் உட்கார வைத்துக் கேட்டு, "ஒரு மாதம் கழித்து வாங்க" என்று சொன்னாலே பலருக்கு வலி இறங்குகிறது. வலியும் தேய்மானமும் ஒன்றாக நடப்பதில்லை. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலிப்பது சுற்றியிருக்கும் எலும்பும் சவ்வும் தசைநாரும். எக்ஸ்ரேயில் மோசமான முட்டியை வைத்துக்கொண்டு பினாங்குத் தண்ணீர்மலையில் ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறி வருபவர்கள் உண்டு.

வேண்டவே வேண்டும் என்பவருக்குக் கொடுப்பேன், நிபந்தனையோடு. ஆய்வுகளில் கொடுத்த அளவு நாளுக்கு 1,500 மில்லிகிராம். ஒரு புட்டி நூறு வெள்ளியைத் தாண்டுவதால், நாளுக்கு மூன்று சாப்பிட வேண்டிய 500 மில்லிகிராம் மாத்திரையை ஒன்றாகக் குறைத்து மூன்று மாதம் ஓட்டுகிறவர்களே அதிகம். அது சிக்கனமில்லை, முழு நட்டம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குத் தர மாட்டேன், இரத்தக்கசிவு கூடக்கூடும். இறால் ஒவ்வாதவருக்கும் அப்படியே. இரத்த அழுத்தக்காரருக்கு, சல்ஃபேட் நிலைத்து நிற்க உள்ளே உப்புச் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துத் தருவேன். மூன்று மாதம் கெடு. அதற்குள் கழிவறையில் எழுவதோ படி இறங்குவதோ சுலபமாகவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். "ஆனா நல்லதுதானேம்மா, சாப்பிட்டுக்கிட்டே இருக்கேனே" என்பார்கள். அந்தக் காசுக்கு மீன் வாங்கிச் சாப்பிடுங்கள் என்பேன்.

உண்மையில் நான் கொடுக்க விரும்புவது அந்த நாற்காலிதான். உட்கார்ந்து ஒரு காலை நேரே நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, இறக்க வேண்டும். பிறகு மறு கால். தினமும் இரண்டு வேளை. எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. இதற்கு ரசீது போட முடியாது என்பதால் மருந்துக் கம்பெனி ஆட்கள் யாரும் இதைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வலி மிஞ்சினால் டைக்ளோஃபெனாக் களிம்பு தேய்க்கலாம். அதையே மாத்திரையாக விழுங்குவதைவிட வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் பத்திரம்.

கெடாவிலேயே ஒரு மூட்டு வைத்தியம் இருக்கிறது: லங்காவிக் கடலட்டையிலிருந்து எடுக்கும் காமாட் எண்ணெய். தேய்த்துக்கொள்ளட்டும், தேய்ப்பதே இதம்தான். நான் தடுப்பதில்லை.

நான் பயப்படுவது வேகமாகக் கேட்கும் மருந்துக்கு. பாசார் மாலாமிலோ கைப்பேசியிலோ வாங்கிய ஜாமு, மஜூன், பெயரில்லாத கேப்சூல். "மூனே நாள்தாம்மா, ஓடுறேன்" என்று சொல்லி வருபவரின் முகத்தைப் பார்ப்பேன். கன்னம் உப்பி வட்டமாகியிருக்கும், பசி கூடியிருக்கும், கையில் தட்டினாலே கன்றும். நீரிழிவு இருந்தால் சர்க்கரை எகிறியிருக்கும். தேய்ந்த முட்டியை மூன்று நாளில் ஓட வைக்கும் மூலிகை எதுவும் நான் அறிந்து இல்லை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு செய்யும். மூட்டுக்கென்று விற்கும் பாரம்பரிய மருந்துகளில் அது கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவான என்.பி.ஆர்.ஏ. பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

ஆகவே வாங்குமுன் பெட்டியில் 'மால்' பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கப் பேரப்பிள்ளையிடம் சொல்லுங்கள். பதிவிலுள்ள பெயரும் கையிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேகமாகக் கேட்கும் அந்த மாதிரி மருந்தை ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டு வருகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பயந்து சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் படுத்துப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். கட்டணம் ஒரு வெள்ளிதான்.