இரண்டு மின்சாரங்கள்

மலைநாட்டின் ஆறுகள் நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கத் தொடங்கி நெடுங்காலமாயிற்று. 1950இல் லக்ஷபான இயங்கத் தொடங்கியது. 1980களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று வரிசையாக வந்தன. உயர்ந்த கம்பிகள் தேயிலை மலைகளுக்கு மேலால் கொழும்புக்குப் போயின. கீழேயிருந்த லயங்கள் பலவற்றில் அதற்குப் பிறகும் குப்பி லாம்புதான் எரிந்தது.

வலப்பனைத் தோட்டங்களில் அந்த இடைவெளியை நிரப்பியது கார் பெட்டரி. வாப்பாவின் கடைக்குப் பின்புறம் ஒரு சார்ஜர் இருந்தது. உரச் சாக்கில் சுற்றிய பெட்டரியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் மலையிறங்கி வருவார்கள்.

“முதலாளி, இது எத்தன நாளைக்கு வரும்?”

“டீவி மட்டும் போட்டா ஒரு கெழமைக்கு வரும். வெளிச்சம் மங்கினா நிப்பாட்டிருங்க. முழுசா உறிஞ்சினா பெட்டரி செத்துரும்.”

வாப்பா சொன்ன கணக்கு சரியானது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் அம்பியர் வரும். 18 வாட் கறுப்பு வெள்ளை டீவி, 12 வோல்ட்டில் ஒன்றரை அம்பியர் எடுக்கும். 60 அம்பியர்-மணி பெட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாமென்றால் 20 மணித்தியாலம். இரவுக்கு மூன்று மணித்தியாலம் பார்த்தால் ஒரு கிழமை.

சார்ஜ் ஏறும்போது பெட்டரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அதனால் அந்த அறையின் கதவைச் சாத்தவும் விடமாட்டார், பீடி பற்றவைக்கவும் விடமாட்டார். வயரைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றச் சொல்வார்.

12 வோல்ட் கையைச் சுடாது, உதறாது. அதுதான் அதன் ஏமாற்று. அதன் ஆபத்து வயரில் இருக்கிறது. 60 வாட்டுக்கு 230 வோல்ட்டில் கால் அம்பியர் போதும். 12 வோல்ட்டில் 5 அம்பியர் ஓடவேண்டும். மெல்லிய வயர் சூடேறி உருகும். பெட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும் என்பது இதனால்தான். ஃபியூஸ் காப்பாற்றுவது டீவியையல்ல, வயரை.

இங்கிலாந்திலிருந்து வந்த உறவினர் ஒருவர், விடுமுறைக்குக் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கரவன் வீட்டைப் பற்றிச் சொன்னார். அதிலும் விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் 12 வோல்ட் பெட்டரி. முகாமில் நிறுத்தினால் வெளியிலிருந்து 230 வோல்ட். ஆனால் இரண்டுக்கும் தனித்தனி வயர், தனித்தனிப் பாதுகாப்பு. கசிவு ஏற்பட்டால் கணத்தில் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் அந்த வீடு வெளிக்கிடாதாம்.

எங்கள் லயங்களுக்கு 230 வோல்ட் வந்தபோது அந்தப் பிரிவினை பல இடங்களில் வரவில்லை. பெட்டரியோடு பழகிய கைகள் பழைய பழக்கத்தையே தொடர்ந்தன. வயரை முறுக்கி ஒட்டுவது, பிளக் இல்லாமல் வெறும் நுனியை சொக்கெட்டில் செருகுவது, எரிந்த ஃபியூஸுக்குப் பதில் செப்புக் கம்பி கட்டுவது, ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்குக் கூரை வழியாக லைன் இழுப்பது. 12 வோல்ட் மன்னித்த தவறுகள் இவை. 230 வோல்ட் மன்னிப்பதில்லை. லயத்தில் எல்லாருக்கும் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் தின்றுவிடும். மறுநாள் பத்திரிகையில் “மின்னொழுக்கு” என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த மக்களுக்கு மின்சாரம் கொடுத்தவர்கள் அதைப் பற்றிய அறிவையும் கொடுத்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

பெட்டரியின் காலம் முடிந்துவிட்டதென்றும் சொல்லமுடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைச்சரிவுகளையும் மின்கம்பங்களையும் சேர்த்தே சாய்த்தது. அத்தகைய நாட்களில் பெட்டரியோடு இன்வேர்ட்டரும் ஜெனரேட்டரும் வெளியே வருகின்றன. பெட்டரி 12 வோல்ட்டாக இருந்தாலும் இன்வேர்ட்டரிலிருந்து வருவது 230 வோல்ட், உயிரெடுக்கக்கூடியது. ஜெனரேட்டர் வயரை வீட்டுச் சொக்கெட்டில் செருகினால், மின்சாரம் பின்வாசலால் கம்பத்துக்கு ஏறும். அங்கே அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும் ஊழியர் அதற்குப் பலியாகலாம்.

30 மில்லி அம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒவ்வொரு காம்பராவுக்கும் வேண்டும். நிலத்தில் இறக்கிய ஏர்த் வயரும் வேண்டும். தோட்டத்துக்குச் சொந்தமான லயத்தில் இதைத் தொழிலாளி தனியாகச் செய்துகொள்ள முடியாது. நிர்வாகத்திடம் கேட்டு வாங்கவேண்டும். கூரைத் தகடு கேட்பதுபோல, குடிதண்ணீர் கேட்பதுபோல, இதையும் கேட்கவேண்டும். வாங்கியபின் மாதம் ஒருமுறை அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பார்ப்பது வீட்டுக்காரர் வேலை. டக்கென்று விழுந்தால் அது இன்னும் விழித்திருக்கிறது.