இடித்தாலும் பரவாயில்லாத கார்

இந்திய நடுத்தரக் குடும்பங்களில் பழைய காருக்கு ஓய்வே கிடையாது. அப்பா புதுக் கார் வாங்கியதும் பழையது பிள்ளையின் கைக்கு வருகிறது. பழையது இல்லாத வீட்டில் அதற்காகவே ஒன்று வாங்கப்படுகிறது. காரணம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "கத்துக்கிற பிள்ளை. இடிச்சாலும் பரவாயில்லை." 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800, பல வீடுகளில் தன் கடைசிக் காலத்தை இந்த வேலையில்தான் கழித்தது.

இந்தக் கணக்கில் பாதி சரி. புதிதாக ஓட்டுகிறவர் இடிக்கத்தான் செய்வார். கேட் தூணில் உரசும், ரிவர்ஸில் பூந்தொட்டி உடையும். பெயின்ட் போனதற்கு வீட்டில் யாரும் அழாத கார் நல்லதுதான். மீதிப் பாதிதான் வில்லங்கம். முப்பது வருடம் ஓட்டிய அப்பா ஏர்பேக்குகள் நிறைந்த புதுக் காரில் போகிறார். வீட்டிலேயே அனுபவம் குறைந்தவருக்கு வீட்டிலேயே பாதுகாப்புக் குறைந்த வண்டி. இடிபடப் போவது தகரம் மட்டும்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

கிழக்குத் தில்லியின் மயூர் விஹாரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திலும் பேச்சு இப்படித்தான் தொடங்கியது. அப்பா மத்திய அரசு ஊழியர். அம்மா பள்ளி ஆசிரியை. 19 வயது மகள் கிரேட்டர் நொய்டாவில் பொறியியல் படிக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் ஆய்வுக்கூடம் முடிய இரவு எட்டு மணி. பிறகு ஒரு மெட்ரோ, இறங்கி நடந்து இன்னொரு மெட்ரோ, அப்புறம் ஆட்டோ. அவள் வீடு சேரும்வரை அம்மா பால்கனியிலேயே நிற்பார். கார் வாங்கலாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். சேமிப்பிலிருந்து எடுக்கக்கூடியது ரூ. 3.5 லட்சம்.

கார் தேடவே வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் அண்ணனிடம் ஒன்று சும்மா நின்றது. 2013-ல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார், ஒரே உரிமையாளர், 42,000 கிலோமீட்டர்தான் ஓடியது. "நம்ம வீட்டுக் கார். ஒன்றரை லட்சம் கொடுத்தாப் போதும்" என்றார் மாமா. அப்பா கேட்ட ஒரே கேள்வி நாடே கேட்கும் கேள்வி: லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? பதினெட்டு என்றதும் அவருக்குத் திருப்தி. மகள் கேட்டது வேறு: "மாமா, இதுல ஏர்பேக் இருக்கா?" இல்லை. ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லை. அந்த மாடலிலேயே விலை குறைந்த ரகம் அது.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்பனையாகும் ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைத்துச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத ரகங்கள் அவை. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அவற்றில் ஒன்றான ஃபோக்ஸ்வேகன் போலோ இரண்டு ஏர்பேக்குடன் சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஒரே பெயர் கொண்ட காரில் ரகத்துக்கு ரகம் அவ்வளவு வித்தியாசம். எல்லாச் சிறிய கார்களும் ஏர்பேக் சேர்த்தவுடன் அப்படி உயர்ந்துவிடவில்லை. சிலவற்றின் உடற்கூடே மோதலைத் தாங்கவில்லை.

அந்தச் சர்ச்சைக்குப் பின் விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் போடச் சொல்லும் மணி, 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கை, பின்னால் நகரும்போது தடையைக் காட்டும் சென்சார். அக்டோபர் முதல் பழைய மாடல்களும் மோதல் சோதனையில் தேற வேண்டும். 2022 தொடக்கத்திலிருந்து முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக். பழைய கார் வாங்குகிறவருக்கு இதிலிருந்து சுலபமான ஒரு கோடு கிடைக்கிறது: 2019 அக்டோபருக்குப் பிறகு தயாரானது. ஆர்.சி.யில் பதிவுத் தேதியோடு தயாரிப்பு மாதமும் இருக்கும். பார்க்க வேண்டியது தயாரிப்பு மாதத்தை.

மயூர் விஹார் வீட்டில் தயாரிப்பு மாதம் அல்ல பிரச்சினை, மாமாதான். "அண்ணாகிட்ட வேண்டாம்னு நான் எப்படிச் சொல்வேன்?" என்று அம்மா இரண்டு நாள் புலம்பினார். "அவர் மனசு கஷ்டப்படுமே." அப்பாவுக்கோ மிச்சமாகும் இரண்டு லட்சத்தை விட மனமில்லை. மகள் வாதாடவில்லை. "மாமா கார் நல்ல கார்தாம்மா. நீ அதுல எக்ஸ்பிரஸ்வேல போய்ட்டு வா, நான் பால்கனியில நிக்கறேன்" என்றாள். மறுநாள் அம்மாவே அண்ணனுக்குப் போன் செய்தார்.

தேடல் ஆரம்பித்தது. கரோல் பாகின் பழைய கார் சந்தைக்கு அப்பா ஒரு வயதான மெக்கானிக்கையும் அழைத்துப் போனார். முதலில் பார்த்த வெள்ளைக் கார் கண்ணாடி போல் மின்னியது. மெக்கானிக் பெயின்டைப் பார்க்கவே இல்லை. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் வண்டல் கறை. கால் விரிப்பைத் தூக்கினால் ஈர வாடை, இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. மும்பையில் 2005-லும் சென்னையில் 2015-லும் தில்லி யமுனைக் கரையில் 2023-லும் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனையோ. அப்படி நனைந்தவை எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடுவதில்லை. எலெக்ட்ரிக் வயர்கள் மெதுவாக அரிக்கும், ஏர்பேக்கை இயக்கும் வயரும் சேர்த்து.

அடுத்தது ஒரு டீசல் கார், நம்ப முடியாத மலிவு. தலைநகர வட்டாரத்தில் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற வரம்பை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ல் அதே நீதிமன்றம் அதைத் தளர்த்தியது, பிறகு திருத்தியது. தில்லி நம்பர் டீசல் கார்கள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு வேறு மாநிலங்களுக்கு மலிவாகப் போவதன் ரகசியம் இதுதான். வெளியூரில் வாங்குகிறவர் அந்த விலையோடு மறுபதிவுக்கும் சாலை வரிக்கும் ஆகும் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கார் சந்தையில் இல்லை. நொய்டாவில் ஒரு பேராசிரியர் விற்க வைத்திருந்தார். 2019 டிசம்பரில் தயாரான சிறிய பெட்ரோல் கார். பம்பரில் நீளமாக ஒரு கீறல், கதவில் சின்னப் பள்ளம், விலை ரூ. 3.2 லட்சம். அப்பாவுக்கு முகம் சுருங்கியது. மெக்கானிக்குக்கு மலர்ந்தது. எஞ்சின் ஆறியிருக்கும்போது தானே ஸ்டார்ட் செய்தார். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில வினாடிகளில் அணைந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். அது எரியவே இல்லை என்றாலோ, அணையாமல் நின்றாலோ, ஏர்பேக் ஒருமுறை வெடித்தபின் மாற்றப்படாமல் இருக்கலாம். பானெட் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இல்லை. மீட்டர் காட்டிய 38,000 கிலோமீட்டரும் சர்வீஸ் ரசீதுகளும் ஒத்துப்போயின. பெடல் ரப்பரின் தேய்மானமும் அதையே சொன்னது.

இன்ஷூரன்ஸ் காகிதத்தை மகள் பார்த்தாள். நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம். ஐந்து வருடம் தொடர்ந்து இழப்பீடு கேட்காதவருக்குத்தான் அது கிடைக்கும். போனஸ் உரிமையாளரோடு போய்விடும், காரோடு வராது. ஆனால் காரைப் பற்றி அது சாட்சி சொல்கிறது. பூஜ்யம் என்று இருந்தால் சமீபத்தில் எதற்கு கிளெய்ம் செய்தார்கள் என்று கேட்க வேண்டும்.

டயரில் மட்டும் குறை. பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்கள் 4519. அதாவது 2019-ன் 45-வது வாரம். பள்ளங்கள் இன்னும் ஆழமாகவே இருந்தன, ஆனால் ரப்பர் வயதாகி வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. "ஏர்பேக் மோதின பிறகு காப்பாத்தும். டயரும் பிரேக்கும் மோதாமலே காப்பாத்தும்" என்றார் மெக்கானிக். ரூ. 3.05 லட்சத்துக்குப் பேரம் முடிந்தது. மிச்சப் பணத்தில் இரண்டு டயர்களும் பிரேக் பேடுகளும் மாறின.

காரை யார் பெயரில் பதிவது என்று ஒரு விவாதம். அப்பா பெயரில்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பாலிசியைப் படித்தபோது வேறு விஷயம் தெரிந்தது. ரூ. 15 லட்சத்துக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் உள்ள உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான். ஓட்டப்போவது மகள். ஆகவே கார் அவள் பெயருக்கே போனது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து ஆனது. விற்ற பேராசிரியரும் அலுவலகப் பதிவேட்டில் பெயர் மாறும்வரை விடவில்லை. அவர் அக்கறை நியாயமானது. பெயர் மாற்றாத காரில் விபத்து நடந்தால் பதிவேட்டில் இருக்கும் உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு நிபந்தனை உண்டு. பல வீடுகள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. காருக்கு லைசென்ஸ் வயது 18. பத்தாம் வகுப்பு மார்க்குக்குப் பரிசாகச் சாவி கொடுக்கும் பெற்றோருக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் வைத்திருக்கிறது. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகப் போலீஸ் சொன்ன விலையுயர்ந்த கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். எந்தக் கார் வாங்குவது என்ற கேள்வியே எழக்கூடாத வயது அது.

நல்ல கார் வாங்கியதோடு பெற்றோரின் வேலை முடிவதில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். சீட் பெல்ட் அணியாததால் இறந்தவர்கள் என்று மத்திய அரசின் கணக்கு காட்டுவது 16,715 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஓட்டுநர்கள் அல்ல, பயணிகள். மயூர் விஹார் வீட்டில் அதற்கென்று சில விதிகள் போட்டார்கள். பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட்டால்தான் வண்டி நகரும். போன் டேஷ்போர்டு பெட்டிக்குள். முதல் மூன்று மாதம் இருட்டிய பிறகு சிநேகிதிகளை ஏற்றக் கூடாது. உடன் வரும் இளைஞர் கூட்டம் இளம் ஓட்டுநரின் ஆபத்தைக் கூட்டும் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டது. முதல் ஆறு வாரம் பக்கத்து இருக்கையில் அப்பா. டிசம்பர், ஜனவரி மூடுபனிக் காலையில் கார் வெளியே எடுக்கப்படாது; மெட்ரோதான். இந்தக் கடைசி விதியை மகளே சேர்த்தாள்.

மாமா இரண்டு வாரம் போன் செய்யவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "இவ்வளவு தேடி, கீறல் விழுந்த காரா வாங்கினீங்க?" என்றார். காபி குடித்தபின் தன் புதுக் காரின் ஸ்டெப்னியை எடுத்து, டயரில் அந்த நான்கு இலக்கம் எங்கே இருக்கிறது என்று மருமகளிடம் கேட்டார்.

இரண்டாவது மாதம் குடியிருப்பு வாசலின் இரும்புக் கம்பத்தில் மகள் பின் கதவை உரசினாள். பள்ளம் எடுத்துப் பெயின்ட் அடிக்க ஒன்பதாயிரம் கேட்டார்கள். யாரும் திட்டவில்லை. பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து மீதி இரண்டு டயர்களையும் மாற்றிவிட்டார்கள்.