ரெண்டு வேட்டிக்கு ஒரு கம்பளி

போன ஆடியில் அலுவலக நண்பர்கள் ஐந்து பேரைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். சீசன் நல்லபடியாக இருந்தது. மெயினருவியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, பல் கிடுகிடுக்க, ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு கடைவீதியில் நடந்தோம். ஒரு பக்கம் மங்குஸ்தான் கூடை, ஒரு பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கும் வாசனை. நடுவில் ஒரு கடையில் கட்டம் போட்ட கம்பளிகளை அடுக்கி, மேலே அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள்: மலைவாழ் மக்கள் கைத்தறிக் கம்பளி.

"டேய், உங்க தாத்தா தறி நெஞ்சவர்தான? இந்த மலைல யாருடா இத நெய்யறாங்க?" என்று கேட்டான் ஒருவன்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஐந்து பேர் என் முகத்தைப் பார்த்தபோது, சொந்த ஊரில் நின்றுகொண்டு தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "மேல பழங்குடிக இருக்காங்க. அவங்கதான்" என்றேன். அதை நம்பி அவன் இரண்டு கம்பளி வாங்கினான். ஒன்று 450 ரூபாய்.

ராத்திரி தென்காசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிரித்தபோது உள்மடிப்பில் ஒரு சீட்டு தைத்திருந்தது. பானிபட், ஹரியானா. உலகமெங்கும் உடுத்திக் கழித்த கம்பளித் துணிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஊர் அது. நிறம் பிரித்து, கிழித்து, திரும்ப நூலாக்கி, போர்வையாக்கி அனுப்புவார்கள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனின் பழைய கோட்டு, குற்றாலத்தில் மலைவாழ் மக்களின் கைத்தறியாகிவிட்டது. நண்பன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். ஆச்சி விடவில்லை.

"நம்ம மலைல ஏதுலே கம்பளி? தாத்தா இருந்தா உன்ன வெளக்குமாத்தால அடிச்சிருப்பாவ."

அப்புறம் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, தாத்தாவின் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள்.

கறுப்புக் கம்பளி. கறுப்பு என்றால் சாயக் கறுப்பு இல்லை. இங்கே கொஞ்சம் பழுப்பு, அங்கே ஒரு நரை என்று ஆட்டின் மேலிருந்த நிறம் அப்படியே. தொட்டால் கையைக் குத்தும். நடுவில் நீளவாக்கில் ஒரு தையல். இரண்டு பட்டையாக நெய்து ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் பூச்சி தின்ற ஓட்டைகள். இத்தனை வருஷம் கழித்தும் அதில் ஒரு ஆட்டு வாடை இருந்தது.

சின்ன வயதில் இந்தக் கம்பளியோடு சேர்த்துத்தான் தாத்தாவை எனக்குத் தெரியும். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் பெட்டியிலிருந்து இது வெளியே வரும். மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு ஊரே வயலுக்குப் போகும்போது, தாத்தா வீட்டுக்குள்ளேயே இதைப் போர்த்திக்கொண்டு தறியில் உட்கார்ந்திருப்பார்.

இதைப் புரிந்துகொள்ளக் குழித்தறி தெரிந்திருக்க வேண்டும். நெய்பவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிக்க வேண்டும். தறியைக் குழியில் இறக்கியதற்கு ஒரு காரணம் ஈரம். பருத்தி நூல் காய்ந்தால் படபடவென்று அறும். மண்ணின் ஈரம் பாவுக்குக் கீழே இருந்துகொண்டே இருந்தால் நூல் தாங்கும். கோடையில் அது வரம். சாரலில் கதை வேறு. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கேரளத்து மழைக்காற்று நேரே எங்கள் ஊருக்குள் வரும். தென்காசிக் கோபுர வாசலில் நின்றால் ஆளையே பின்னால் தள்ளும் அந்தக் காற்று. அந்த நாட்களில் குழிக்குள் ஊற்று மாதிரித் தண்ணீர் கசியும். கணுக்கால் வரை சில்லிட்ட மண்ணில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மிதிக்க வேண்டும். கால்தான் குளிரில், கம்பளியோ தோளில். "காலு வேல பாக்குது, அதுக்குச் சூடு தானா வரும். சும்மா இருக்கது முதுகுதான்" என்பார்.

அதையும் மிதிக்கப் பாவு இருந்தால்தானே? அந்தக் காலத்தில் பாவுக்குத் தெருவில்தான் கஞ்சி போடுவார்கள். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாக ஒட்டாமல் நீவி, வெயில் உறைக்கும் முன்னே காயவைத்து எடுக்க வேண்டும். சாரலில் எங்கே காயும்? ஐந்து நிமிஷம் வெயில், பத்து நிமிஷம் தூற்றல். பாவு இல்லை என்றால் தறி இல்லை, தறி இல்லை என்றால் கூலி இல்லை. குற்றாலத்துக்கு ஊர் உலகமே பஸ் பிடித்து வரும் இரண்டு மாதமும் எங்கள் தெருவில் அடகுக்கடைக்குப் போகிற மாதங்கள். ஆச்சியின் கம்மல் எத்தனை சீசனுக்குக் கடைக்குப் போய்த் திரும்பியது என்று அவளுக்கே கணக்கில்லை. இன்றைக்கும் "சீசன் எப்படி?" என்று யாராவது போனில் கேட்டால் அவள் பதிலே சொல்ல மாட்டாள். போனை என்னிடம் நீட்டிவிடுவாள்.

அப்படியொரு சாரலில்தான் கம்பளி வீட்டுக்கு வந்தது. தெருவுக்குப் பின்னால் வயலில் கிடை போட்டிருந்தார் ஒரு கோனார். ராத்திரி ஆடுகள் வயலில் அடைந்தால் புழுக்கையும் மூத்திரமும் உரமாகும், வயல்காரர் கூலி கொடுப்பார். கிடைக்காரர் போர்த்தியிருந்த கம்பளி மேல் தாத்தாவுக்கு ஆசை. கையில் காசு இல்லை. கரை போட்ட வேட்டி இரண்டு நெய்து கொடுத்து வாங்கியிருக்கிறார்.

"இது உம்ம ஆட்டு மயிராவே?" என்று தாத்தா கேட்டாராம். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். "எங்க ஆட்டக் கத்தரிச்சா உமக்கு மீசைக்குக்கூடக் காணாதுவே. இது வடக்கத்தி ஆடு. சந்தையில வாங்குனது."

ஆச்சி இதைச் சொன்னபோது வெறும் கேலி என்றுதான் நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் ஒரு வரியில் கால்நடை அறிவியலையே சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். நம் தெற்கத்தி ஆடுகள் மயிர் ஆடுகள். அடிவயிறு கறுத்த கீழக்கரிசல், வெள்ளையில் செம்புள்ளி விழுந்த வேம்பூர் ஆடு (பொட்டு ஆடு என்றும் சொல்வார்கள்) எல்லாம் கறிக்கும் கிடைக்கும் வளர்ப்பவை. அவற்றின் மயிர் குட்டையாக, வழுக்கலாக, நேராக இருக்கும். திரித்தால் முறுக்கு நிற்காது. கம்பளி மயிர் வேறு. நெளிநெளியாக, மேலே செதிலோடு இருக்கும். ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் அதை நூலாக்க முடிகிறது. தமிழ்நாட்டில் அந்த ஆடு வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும்: கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குறும்பை, திருச்சி, சேலம், தர்மபுரி வட்டாரத்துக் கருங்குறும்பை. பெயரிலேயே குறும்பர் இருக்கிறார்கள். ஆடு மேய்ப்பதும் கம்பளி நெய்வதும் ஒரே வீட்டுக்குள் நடந்த சமூகம் அது. அங்கிருந்து கர்நாடகத்துச் சித்திரதுர்கா, பெல்லாரி வரை கறுப்புக் கம்பளியின் நாடு. பாவுக்குப் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைத் தடவி நெய்கிறார்கள். அதனால்தான் புதுக் கம்பளி பலகை மாதிரி விறைப்பாக நிற்கும்.

இதில் என்னை உறுத்தியது ஒன்றுதான். இவை எதுவும் மலை இல்லை. எல்லாம் வெயில் காயும் வறண்ட மேய்ச்சல் நிலம். கம்பளி என்றதும் மலையும் பனியும் ஞாபகம் வருவது இமயமலைப் படங்களைப் பார்த்து வந்த பழக்கம். குலுவிலோ லடாக்கிலோ அது சரி. நம் மேற்குத்தொடர்ச்சி மலை நனைந்த மலை. ஈரத் தரையில் நின்றால் செம்மறிக்குக் குளம்பு அழுகிப்போகும். குற்றாலத்துக்கு மேலேயும் வாசுதேவநல்லூர் மேற்கேயும் மலையில் வாழும் பளியர்கள் தேனும் கிழங்கும் மலைப்பொருட்களும் எடுத்தவர்கள். நெசவு அவர்கள் தொழிலே இல்லை. என் நண்பனிடம் அவர்கள் தலையில் நான் ஒரு தறியைக் கட்டிவிட்டேன்.

நீலகிரி இருக்கிறதே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. கார்த்திகையில் நாலு நாள் லீவு கிடைத்தபோது ஊட்டிக்கே போனேன். அங்கே மெல்லிய கம்பளி தரும் நீலகிரி ஆடு உண்டு, சாண்டிநல்லாவில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமும் உண்டு. ஆனால் அந்த ஆடு 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மெரினோ முதலிய ஆடுகளும் நம் கோயம்புத்தூர் ஆடும் கலந்து உருவானது. மலையின் பழைய குடிகளான தோடர்கள் வளர்த்தது எருமை. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி பார்ப்பதற்குக் கம்பளி மாதிரி கனமாக இருக்கும், அடித்துணி பருத்தி. அதன் மேல் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூலில் அவர்கள் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணி மட்டும் கீழே சமவெளியில் யாரோ தறியில் நெய்து மேலே போனது.

ஒரு தோடர் அம்மா வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். கோடு போடவில்லை, அச்சு வைக்கவில்லை. துணியின் இழைகளை விரல் நுனியால் எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார். ஓரிடத்தில் நிறுத்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியைத் தேய்த்துப் பார்த்து, முகத்தைச் சுளித்தார். "நூல் ஒண்ணா இல்ல. இங்க நெருக்கம், இங்க கலக்கம். எண்ணுனா கோணப்போகும்" என்றார்.

அதே இரண்டு விரல். அதே சுளிப்பு. கல்யாண வீட்டில் யார் வேட்டியையும் தாத்தா இப்படித்தான் தேய்த்துப் பார்ப்பார்; அப்பாவுக்கு மானம் போகும். ஊட்டியில் வைத்து எனக்குத் தாத்தா மேல் வந்த ஏக்கம் அவர் செத்த அன்றைக்குக்கூட வரவில்லை.

1985இல் ஒரு சட்டம் வந்தது. சில வகைத் துணிகளைக் கைத்தறி மட்டுமே நெய்யலாம், விசைத்தறி நெய்யக் கூடாது. இன்றைக்கு அந்தப் பட்டியலில் இருப்பது 11 வகை. வேட்டி, துண்டு, லுங்கி இருக்கிறது. கம்பளியும் இருக்கிறது. தாத்தாவின் வேட்டியும் பெயர் தெரியாத அந்தக் குறும்பரின் கம்பளியும் ஒரே தாளில். எனக்கு அது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்; பட்டியலால் யாருக்கும் பாவு ஓடியதாகத் தெரியவில்லை. எங்கள் தெருவிலேயே பக்கத்து வீட்டில் மோட்டார் வந்தது. அதே கரை, அதே அளவு, பாதி விலை. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கும் பிள்ளைகுட்டி. சங்கரன்கோவில் போனாலும் புளியங்குடி போனாலும் தெருவுக்குத் தெரு இந்தக் கதை உண்டு. கடையநல்லூரில் நெசவுக் குடும்பங்கள் அதற்கும் வெகு முன்னாலேயே கப்பல் ஏறி சிங்கப்பூர் போய்விட்டன. 1941லேயே அங்கே சங்கம் வைக்குமளவுக்கு ஆள் சேர்ந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டுத் தறிக்குழியை மூடியது மோட்டார் இல்லை. நான்.

2009. பத்தாம் வகுப்பு. படிக்க ஒரு ரூம் வேண்டும், கம்ப்யூட்டர் வைக்க ஒரு மேஜை வேண்டும் என்று அப்பாவிடம் அழுதேன். வீட்டில் இருந்த ஒரே தனி அறை தறி அறை. தறி நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது, தாத்தாவுக்கு முட்டி மடங்கவில்லை. அப்பா ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்தார். மரங்களை விறகுக்கு விற்றோம். குழிக்குள் செங்கல் உடைசலும் மண்ணும் போட்டு மேலே சிமெண்ட் பூசினார்கள். தாத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா தண்ணி ஊத்தி இடிச்சு அமுக்கணும்வே, இல்லன்னா பின்னால இறங்கும்" என்று கொத்தனாரிடம் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த ஆனியில் சாரல் விழுந்ததும் தாத்தா கம்பளியைப் போர்த்திக்கொண்டு என் ரூமுக்கு வந்தார். மேஜைக்குப் பக்கத்தில், குழி இருந்த இடத்தில், கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்தார். எனக்கு மறுநாள் டெஸ்ட். ஆட்டு வாடை அடிக்கிறது, அந்தப் பக்கம் போங்க தாத்தா என்றேன். எழுந்து போனார். அதற்கப்புறம் அந்த ரூமுக்குள் அவர் வந்த ஞாபகம் எனக்கு இல்லை.

கொத்தனார் சரியாக இடிக்கவில்லை. தரை இப்போது அந்த இடத்தில் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. வீடு துடைத்தால் தண்ணீர் அங்கேதான் போய்த் தேங்கும்.

போன மாதம் ஊருக்குப் போனேன். சாரல். ஆச்சிக்குத் தெரியாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மொட்டைமாடியில் போய் நின்றேன். மேற்கே மலை முழுக்க மேகம். தூற்றல் கம்பளி மேல் விழுந்து, உள்ளே இறங்காமல், முத்து முத்தாக மயிர் நுனியில் நின்றது. தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் கம்பளி தொட்டால் நனைந்த மாதிரித் தெரியாது என்று படித்திருக்கிறேன். கால் மணி நேரத்தில் தோள் கனத்தது. உடம்பு சூடாகவே இருந்தது. முதுகு மட்டும்.

"ஏலே! அத ஏம்லே நனைக்க? காய நாலு நாளாவும்!" கீழேயிருந்து சத்தம்.

இறங்கி வந்து என் ரூமில் கொடி கட்டி விரித்துப் போட்டோம். ஆச்சி ஓரத்தை ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னைக்கு உன் கூட்டாளி வாங்குனானே, எவ்வளவுன்ன?"

"நானூத்தம்பது ஆச்சி."

"தாத்தா இதுக்கு ரெண்டு வேட்டி குடுத்தாவ."

"ரெண்டு வேட்டின்னா எத்தன நாள் வேல?"

"வெயில் காலம்னா ரெண்டு நாளு," என்றாள். கொடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "அது சாரல்ல நெஞ்சது. பாவு காயல. ஒம்பது நாளாச்சு."