எஞ்சினுக்கு எண்ணெய் ஸ்நானம்

சனிக்கிழமை தவறாமல் தலை முழுகும் தமிழருக்கு எந்த உடம்புக்கு எந்த எண்ணெய் ஏற்றது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மோட்டார் வண்டி விஷயத்தில் மட்டும், "எண்ணெய்தானே, எதையாவது ஊற்றுங்கள்!" என்று சொல்லி விடுகிறோம்.

அனந்தபுரத்தில் நம் வீட்டு அம்பாஸடரின் எஞ்சினை, விழுப்புரத்துப் பட்டறை ஒன்றில் பிரித்து, போர் எடுத்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டுப் புதுப்பித்தோம். வங்காளத்து உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்று போன வண்டி அது. மாதந்தோறும் நம் தாயாரைப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதும் அதுவே. ஆகையால், எண்ணெய் விஷயத்தில் அலட்சியம் காட்ட நமக்குத் துணிவில்லை.

கடைக்காரர், "விலை உயர்ந்த ஸிந்தெடிக் எண்ணெய்தான் சிலாக்கியம்" என்றார். மேஸ்திரியோ, "வேண்டாம் ஸார், 20டபிள்யூ-40 மினரல் எண்ணெய் போதும்" என்றார். விசாரித்துப் பார்த்ததில் மேஸ்திரி பக்கமே நியாயம் இருந்தது. புது ரிங், சிலிண்டர்ச் சுவரிலுள்ள மெல்லிய கீறல்களோடு உராய்ந்துதான் தன் இடத்தில் பொருந்த வேண்டும். வழுவழுப்பு மிகுந்த எண்ணெய் அந்த உராய்வைத் தடுத்துவிடக் கூடும். பொருந்தாத ரிங் பிறகு எண்ணெயையே குடிக்கும்!

அந்த எண்களின் ரகசியமும் எளிதே. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். முதல் எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்லும். இரண்டாவது எண், சூடேறிய பிறகு அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்லும். செஞ்சி மலைகள் தகிக்கும் சித்திரை வெயிலில் நமக்கு முக்கியம் இரண்டாவது எண்தான்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பழைய எஞ்சின்களில் கேம் ஷாப்டும் டாப்பெட்டும் நேருக்கு நேர் தேய்ந்து ஓடும். அந்தத் தேய்மானத்தைத் தடுப்பது எண்ணெயில் கலந்துள்ள துத்தநாக, பாஸ்பரஸ் கூட்டுப் பொருள். புகையைச் சுத்திகரிக்கும் கருவி கெடாதிருக்கும் பொருட்டு, புது வண்டிகளுக்கான மெல்லிய எண்ணெய்களில் இதைக் குறைத்து விட்டார்கள். புதியது என்பதாலேயே பழைய எஞ்சினுக்கு நல்லது என்று எண்ணலாகாது.

பில்டர் விஷயம் இன்னும் முக்கியமானது. எண்ணெய் வடிகட்டியை அமெரிக்கரான ஸ்வீட்லண்ட் என்பவர் 1923-இல் 'பியூரோலேட்டர்' என்ற பெயரில் கொண்டு வந்தார். 'தூய எண்ணெய், பிறகு' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் சுருக்கமாம் அந்தப் பெயர்! புது எஞ்சின் முதல் ஓட்டத்தில் உதிர்க்கும் உலோகத் துகளைப் பிடிப்பது இதுதான். மலிவான போலிப் பில்டரில் காகிதம் கிழிந்தால், துகள் நேரே பேரிங்கைத் தின்னும். கிண்ணத்துக்குள் வைக்கும் வகையானால், ரப்பர் வளையத்தையும் புதிதாகவே போட வேண்டும்.

நாம் செய்தது இதுதான்: மினரல் எண்ணெய் வார்த்து, பிளக்குகளைக் கழற்றி வைத்து, எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை எஞ்சினைச் சுழற்றிய பிறகே ஸ்டார்ட் செய்தோம். 800 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயையும் பில்டரையும் சேர்த்தே மாற்றினோம். வடித்த எண்ணெயில் உலோகத் தூள் வெள்ளிப் பொடி போல் மினுமினுத்தது. அதைக் கண்ட மேஸ்திரி, "இது உள்ளேயே இருந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை. மறு பில்டருக்கான பணத்தை எண்ணி அவர் கையில் வைத்தோம்.