போர்டில் ஆரணி, இறங்கினால் களம்பூர்

விழுப்புரத்திலிருந்து காட்பாடி போகிற பாசஞ்சரில் ஏறி, ‘ஆரணி ரோடு’ என்று போர்டு வந்ததும் இறங்கிப் பாருங்கள். ஆரணி இருக்காது. நீங்கள் நிற்கிற ஊர் களம்பூர். ஆரணிக்கு இன்னும் பஸ் பிடிக்கவேண்டும். போர்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ரயில்வே வைத்திருக்கிற இலவசப் பாடம் அது.

அந்தப் பாடத்தை நான் படித்து முடிக்க 2013 தீபாவளி வரை ஆனது.

களம்பூரில் எனக்கு ஒரு நண்பன். பி.காம். படிக்கும்போது பக்கத்து பெஞ்சு. அரிசிக்குப் பேர்போன ஊர் என்றாலும் இவன் வீட்டில் பட்டு வியாபாரம். பாவும் ஊடையும் கொடுத்து நெய்து வாங்கி, ஆரணிப் பட்டு என்று வெளியூருக்கு அனுப்புகிறவன். யாரோ சொன்னார்கள் என்று ஒரு வெப்சைட் ஆரம்பித்தான். புடவைகளைப் படமெடுத்துப் போடவேண்டியது, பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பார்த்துவிட்டு ஆர்டர் சொல்வார்கள். மாத வாடகை மிச்சமாகும் என்று, கடையின் உள்ளறையில் இருந்த பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டரையே வெப் சர்வர் ஆக்கியிருந்தான். வெப் சர்வர் என்றால் மிரளவேண்டாம். யார் வந்து எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர். அவ்வளவுதான்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் போன் வந்தது.

“டேய், சைட்டு திறக்கவே மாட்டேங்குதுன்னு எல்லாரும் திட்டுறாங்கடா. சிட்டியிலேருந்து ஒருத்தர் வந்து பாத்தாரு. எக்ஸ்பி எல்லாம் இதுக்கு லாயக்கு இல்ல, புது சர்வர் மிஷினும் லைசென்ஸ் விண்டோஸ் சர்வரும் வாங்கணும்னுட்டாரு. ஒண்ணே கால் லட்சமாம்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “லினக்ஸ் போடுடா. ஓசி. பத்து மடங்கு வேகம்!” என்றேன்.

பத்து மடங்கு என்பதை எங்கிருந்து பிடித்தேன்? சத்தியமாகத் தெரியாது. எங்கேயோ படித்தது. அதையே ஒரு கட்டுரையிலும் எழுதியிருந்தேன். நாமே எழுதியதை நாமே ஆதாரமாகக் காட்டுவது பத்திரிகைக்காரர்களின் பழைய வியாதி.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. இங்க இருக்கிற பணம் தீபாவளிக்குத் தறிக்காரங்களுக்குக் கொடுக்க எடுத்து வெச்சது. நீயே வந்து பாத்து ஒண்ணு சொல்லு” என்றான்.

போனேன். போகாமல் இருக்க முடியுமா?

உள்ளறையில் நாங்கள் இருவரும் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தபோது வழி சொன்னவள் அவன் மகள். காலேஜ் முதல் வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ். “எது வேகம்னு பாக்கறதுக்கு எதுக்கு மாமா வாங்கணும்? என் லேப்டாப்புலயே ரெண்டும் இருக்கே!”

அரசு கொடுத்த இலவச லேப்டாப். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். ஸ்விட்ச் போட்டதும் ‘எது வேண்டும்?’ என்று கேட்கும். யோசித்துப் பாருங்கள். அதே பிராசஸர், அதே மெமரி, அதே ஹார்ட் டிஸ்க். மாறுவது ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடச் சுத்தமான தராசு கிடைக்குமா?

இரண்டிலும் அப்பாச்சி வெப் சர்வரை ஏற்றினாள். அதோடு ‘ஏபி’ என்று ஒரு சின்ன புரோகிராம் வரும். ‘ஒரே நேரத்தில் 50 பேர், மொத்தம் 1000 தடவை இந்தப் பக்கத்தைக் கேள்’ என்றால் கேட்டுவிட்டு, விநாடிக்கு எத்தனை பதில் வந்தது என்று கணக்குச் சொல்லும்.

முதல் ஓட்டத்தில் விண்டோஸ் நொண்டியது. லினக்ஸ் பறந்தது. “பாத்தியா, சொன்னேன்ல?” என்று எழுந்தே விட்டேன்.

“உக்காருங்க மாமா” என்றாள். “விண்டோஸ்ல ஆன்டி வைரஸ் ஓடிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு ஃபைலையும் அது தொட்டுப் பாத்துட்டுதான் விடுது.”

நண்பன் சிரித்தான். கம்ப்யூட்டர் தெரியாது அவனுக்கு. ஆனால் அவன் சொன்னதுதான் அன்றைக்கு முதல் உருப்படியான பேச்சு. “ரெண்டு தறிக்காரங்கள்ல யாரு வேகம்னு பாக்கணும்னா ரெண்டு பேருக்கும் ஒரே பாவு, ஒரே டிசைன் குடுக்கணும்டா. ஒருத்தனுக்கு பிளெயினும் இன்னொருத்தனுக்குப் புட்டாவும் குடுத்துட்டு நாள் கணக்கு பாத்தா எப்படி?”

சட்டங்கள் எழுதினோம். ஆன்டி வைரஸை நிறுத்து. ஏபியை வேறு கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டு. பரீட்சை எழுதுகிறவனே சூப்பர்வைசராகவும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதே, ஏனென்றால் முதல் தடவை ஃபைல் டிஸ்க்கிலிருந்து வரும், அடுத்த தடவை மெமரியிலிருந்தே வந்துவிடும். மூன்று தடவை ஓட்டி நடுவில் இருக்கிற எண்ணை எடு.

இப்போது வித்தியாசம் சுருங்கியது. வெறும் எழுத்து இருக்கிற சின்னப் பக்கத்தில் லினக்ஸ் முந்தியது. பத்து மடங்கெல்லாம் கிடையாது. ஒரே நேரத்தில் 200 பேர் என்று ஏற்றினோம். லினக்ஸே தள்ளாடியது! காரணம், அதில் அப்பாச்சி வேலை செய்த விதம். ஜவுளிக்கடையில் வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி சேல்ஸ்மேன் போட்டால் எப்படி? கூட்டம் வந்தால் சேல்ஸ்மேன்களுக்கே உட்கார இடம் இருக்காது. மெமரி தீர்ந்துபோய் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருந்தது. சேல்ஸ்மேன் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு போட்டாள், மறுபடி ஓடியது. ஒரே சேல்ஸ்மேன் பாயில் உட்கார்ந்து பத்துப் பேருக்குப் புடவை விரித்துக் காட்டுகிற முறையும் உண்டு. 2004-ல் ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் வெளியிட்ட ‘என்ஜின்எக்ஸ்’ அப்படித்தான் வேலை செய்கிறது.

ஆனால், கதை அங்கே இல்லை. கடைசியாகப் புடவைப் படங்கள் இருக்கிற நிஜப் பக்கத்தை ஓட்டினோம். விண்டோஸும் லினக்ஸும் அச்சாக ஒரே வேகம். திரும்ப ஓட்டினோம். அதே சமம்.

நான் பி.காம். டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் டேலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பது முதல் வருஷப் பாடம். டேலி ஆகிற தப்புகள் உண்டு. எனக்கு உறுத்தியது. “படம் ஒண்ணு என்ன சைஸ்?” என்று கேட்டேன். கேமராவிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 4 எம்பி.

பேப்பரை எடுத்தேன். 4 எம்பி என்றால் 32,000 கிலோபிட். லேப்டாப்புக்கும் அடுத்த கம்ப்யூட்டருக்கும் நடுவே இருந்த ஒயர் விநாடிக்கு 100 மெகாபிட் தாங்கும். ஒயர் நிறைந்துவிட்டதால்தான் இரண்டும் சமம். சர்வர்கள் இரண்டும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தன. சரி, கடையிலிருந்து வெளியுலகத்துக்குப் போகிற லைன்? பிராட்பேண்டில் உள்ளே வருகிற வேகம்தான் விளம்பரத்தில் இருக்கும். வெளியே போகிற வேகம் 512 கிலோபிட். எங்கள் ஒயரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு!

32,000 வகுத்தல் 512. ஒரு படம் போய்ச் சேர ஒரு நிமிஷத்துக்கு மேல். பக்கத்தில் 12 படம். பன்னிரண்டரை நிமிஷம். அதுவும் ஒரே ஒருவர் பார்த்தால்! ஒண்ணே கால் லட்சத்துக்கு சர்வர் வாங்கியிருந்தாலும் அதே பன்னிரண்டரை நிமிஷம்தான். என் பேச்சைக் கேட்டு லினக்ஸ் போட்டிருந்தாலும் அதேதான்.

அந்தப் பெண் சாயங்காலத்துக்குள் எல்லாப் படங்களையும் 80 கேபிக்குச் சுருக்கினாள். 640 கிலோபிட். ஒரு படத்துக்கு ஒண்ணேகால் விநாடி, 12 படத்துக்குப் பதினைந்து விநாடி. செலவு, இரண்டு டீ.

ஏதோ களம்பூர் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். பெரிய இடத்திலும் இதே கூத்து நடந்திருக்கிறது. 1999 ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. வெப் சர்வராக, விண்டோஸ் என்.டி.யின் உச்ச வேகம் லினக்ஸைப் போல 3.7 மடங்கு என்றது. சோதனைக்குக் காசு கொடுத்தது மைக்ரோசாஃப்ட். உலகம் முழுக்க லினக்ஸ் ரசிகர்கள் கொதித்தார்கள். ‘நம்மாளுங்களைக் கூப்பிட்டு மறுபடி நடத்து’ என்றார்கள். ஜூனில் நடந்தது. மறுபடியும் என்.டி.தான் ஜெயித்தது!

காசு கொடுத்தது யார் என்று கேட்கவேண்டியதுதான். ஆடிட் படித்தவன் நான், அதை வேண்டாம் என்று சொல்வேனா? ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் விடை கிடைக்காது. அவர்கள் வைத்திருந்தது நாலு பிராசஸர், நாலு நெட்வொர்க் கார்டு போட்ட ராட்சச மிஷின். அத்தனை பிராசஸர்களுக்கும் நெட்வொர்க் வேலையைப் பங்கு போட அன்றைய லினக்ஸுக்குத் தெரியவில்லை. குறை நிஜம். அதைச் சரிசெய்து 2001 ஜனவரியில் புது கர்னல் 2.4 வந்தது. அதேசமயம், நாலு 100 மெகாபிட் கார்டுகளை நிரப்புகிற அளவுக்கு இணைய லைன் அன்றைக்கு எத்தனை பேரிடம் இருந்தது? அதே 1999-ல் ஜெர்மனியின் ‘சிடி’ பத்திரிகை ஒரே ஒரு கார்டு போட்டுப் பார்த்தபோது லினக்ஸ் பல இடங்களில் முந்தியது. இரண்டு சோதனையும் பொய் இல்லை. கேட்ட கேள்வி வேறு.

இதில் எனக்குப் பிடித்த ஆள் ஃபெலிக்ஸ் ஃபான் லைட்னர் என்கிற ஜெர்மானியர். 2003-ல் ஒரு சாதாரண லேப்டாப்பில் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டு அளந்தார். எப்படி அளந்தேன் என்பதையும் வெளியே வைத்தார். நெட்பிஎஸ்டிகாரர்கள் சண்டைக்குப் போகவில்லை. குறைகளைச் சரிசெய்து இரண்டே வாரத்தில் முன்னேறிவிட்டார்கள். அவரும் திரும்ப அளந்து அதையும் எழுதினார். அளப்பது என்றால் அது.

நண்பன் சர்வர் வாங்கவில்லை. தறிக்காரர்களுக்குப் பணம் முந்தைய வாரமே போய்விட்டது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்தியபோது அவன் மகள் அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டாள். வேகத்துக்காக இல்லை, பத்திரத்துக்காக. அது சரியான காரணம். இப்போது அவன் சைட் வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கிறது. படங்கள் மட்டும் இன்னும் சின்னதாகத்தான் ஏற்றுகிறார்கள்.

உங்களிடமும் நாளைக்கு யாராவது வரலாம். ‘இது அதைவிட இத்தனை மடங்கு வேகம் சார்’ என்பார். பைக்காக இருக்கலாம், போனாக இருக்கலாம். ‘எந்தப் பாவு, எந்த டிசைன்?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கப்புறம், உங்கள் வீட்டில் இடிக்கிற இடம் அதுதானா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்ப ஸ்டேஷனுக்கு வந்தேன். மகள் வழியனுப்ப வந்திருந்தாள். “மாமா, அந்தப் பத்து மடங்கு கட்டுரை இன்னும் உங்க புத்தகத்துல இருக்கா?” என்றாள்.

அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டேன்.