திருவாதிரைக்கு ஒரு துணை

2025 ஜூலையில் வந்த செய்தி இது. ஹவாயில் மவுனாகியா மலையில் இருக்கும் ஜெமினி நோர்த் தொலைநோக்கியால் பார்த்தபோது, திருவாதிரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் நிற்பதுபோலத் தெரிகிறதாம். ஓரியனின் தோளில் சிவப்பாக எரிகிறதே, ஆங்கிலத்தில் பீற்றல்ஜூஸ் என்பது, அதுதான் திருவாதிரை. கலைப்பீடத்து ஆக்களுக்கு இதில என்ன வேலை என்று கேட்பீர்கள். விஞ்ஞானபீட நண்பர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

எங்களில் ஒருத்தியின் நட்சத்திரம் அது. போன வருசம் அவளுக்கு வந்த கலியாணப் பேச்சு அதாலேயே குழம்பியது. மாப்பிள்ளைக்குத் திருவோணம், இரண்டும் கழுத்து ரச்சு, பொருந்தாது என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். அவளுக்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை (சோதனை முடியட்டும் என்றுதான் இருந்தாள்). ஆனால் போனில் அம்மா அழுததை நாங்களும் கேட்டோம். "என்ர பிள்ளையின்ர நட்சத்திரம் அப்பிடி என்ன செய்தது?"

அந்த வெள்ளியை அம்மா கண்டதில்லை. அவளும் கண்டதில்லை. சாதகத்தில் எழுதுவது பிறந்த நேரம் சந்திரன் நின்ற இடத்தின் பெயர்தானே, அதற்கு ஏன் அண்ணாந்து பார்க்க வேணும்?

பார்ப்பது என்று நாங்கள் முடிவெடுத்தோம். அதுவும் லேசில்லை. பெட்டையளின் விடுதி வாசல் செக்கலோடு பூட்டுப்படும். பெடியள் ஒன்பது மணிக்கும் தேத்தண்ணிக்கடையில் நின்று வானம் பார்க்கலாம். மொட்டைமாடித் திறப்பை வாங்க ஒரு கிழமை கெஞ்சினோம். "இரவில மேல என்ன பார்வை?" என்ற கேள்விக்கு 'நட்சத்திரம்' என்ற பதிலை ஒருவரும் நம்பவில்லை. திறப்பு கிடைத்தால் மாரி மழை. ஓரியன் வருகிற மாதங்களில்தான் எங்கள் வானம் மூடிக் கிடக்கும்.

நவம்பர் கடைசியில் ஒரு இரவு மழை விட்டது. எட்டரை மணி இருக்கும். தொலைநோக்கி ஒன்றும் இல்லை, போனில் ஸ்ரெலேரியம் மட்டும். கிழக்கில், தென்னைகளுக்கு மேலே, திருவாதிரை எழும்பியிருந்தது. அதே நேரம் மேற்கில் இன்னும் இறங்காமல் நின்றது திருவோணம்! பொருந்தாத இரண்டும் ஒரே வானத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி. திருவோணம் வெறும் 17 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. திருவாதிரையோ பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமியையும் செவ்வாயையும் விழுங்கிவிடும்.

2019 இறுதியில் அது மங்கத் தொடங்கியபோது வெடிக்கப்போகிறது என்று உலகமே பரபரத்தது. 2020 பெப்ரவரியில் வழமையான வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றிலொன்றுதான் மிச்சம். வெடிக்கவில்லை. அது தானே கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி, எங்கள் பார்வையை மறைத்திருந்தது. வேறொரு புதிரும் இருந்தது: ஆறு வருசத்துக்கு ஒருக்கால் கூடிக் குறையும் வெளிச்சம். ஒரு துணை சுற்றினால்தான் அதற்குக் காரணம் சரிவரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்குச் சொன்ன இடத்திலேயே அந்த மங்கல் புள்ளி தெரிந்திருக்கிறது. திருவாதிரையின் வெளி வளிமண்டலத்துக்கு உள்ளேயே அது சுற்றுகிறதாம்.

அவள் அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் எடுத்தாள். "அம்மா, முத்தத்தில வந்து கிழக்க பாருங்கோ. சிவப்பா ஒண்டு நிக்கும்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வடிவாத்தான் இருக்கு" என்றா.

துணை திருவாதிரையை விட்டு நன்றாக விலகித் தெரியப்போவது 2027 நவம்பரிலாம். பெரிய தொலைநோக்கிகள் அதற்குத்தான் காத்திருக்கின்றன. எங்கள் வெறுங்கண்ணுக்கு அது அப்போதும் தெரியாது. திறப்பை மட்டும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.